மேலுமலை ஏற்றமும் ஒரு முழ ரப்பரும்

கிருஷ்ணகிரியில் டீ குடித்துவிட்டு ஓசூருக்குக் கிளம்புகிற பழைய காருக்கு மேலுமலைதான் பரீட்சை. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900. இந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கைக் குருபரப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் நடுவே ஏறித் தீர்க்க வேண்டும். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் நாம் இரண்டாவது கியரில். ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, எஞ்சினோ முழு மூச்சில் உழைக்கும். என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மேல் ஹோஸ் அங்கேதான் கிழிந்தது. சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதும் அப்படியே முன்னோக்கிக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். பார்த்தேன். வெளிப்புறம் பளபளவென்று, நேற்று வாங்கியதுபோல் இருந்த ஹோஸ், ரேடியேட்டர் கழுத்தை ஒட்டி இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மாட்டி நான்கு வருடம்கூட ஆகவில்லை. கடைக்காரரை மனதுக்குள் திட்டியபடி அதைக் கையோடு எடுத்துவந்து ஓசூரில் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நகத்தால் கீறியதுபோல் வரிவரியாகக் கோடுகள், கழுத்துப் பகுதியில் மட்டும். நடுப்பகுதி நன்றாகத்தான் இருந்தது. “ஹோஸைக் குத்தம் சொல்லாதீங்க சார். நீங்க ஊத்துன தண்ணியைக் கேளுங்க” என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படிக்கவும் நாலு பேரிடம் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். பழைய காருக்கு எந்த ஹோஸ் வாங்குவது என்ற கேள்விக்கு ரப்பரில் பாதிப் பதில்தான் இருக்கிறது. மீதி, அதற்குள் ஓடும் தண்ணீரில்.

முதலில் கார்கள். இந்தப் பக்கம் வீட்டு வாசலில் மூடிபோட்டு நிற்பவை பெரும்பாலும் மூன்று வகை: அம்பாசடர், பியட் என்று இன்றும் அழைக்கப்படும் பிரீமியர் பத்மினி, வண்டலூரில் 1961 முதல் 1971 வரை தயாரான ஹெரால்டு. வேடிக்கை என்னவென்றால், ஓசூரில் 1980 முதல் லாரி செய்துவரும் அசோக் லேலண்டும் பிறக்கும்போது கார் கம்பெனிதான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டிக் கொடுத்தது. லேலண்டு என்ற பெயர் 1955இல்தான் சேர்ந்தது. ஆஸ்டின் வைத்திருக்கும் அபூர்வ மனிதர் ஓசூர் சிப்காட் வாசலில் போய் ஹோஸ் கேட்டால் காவலாளி சிரிப்பார். ஆனால் வரலாற்றுப்படி அவர் கேட்டது தவறான முகவரி இல்லை.

மூன்றில் அம்பாசடர்காரருக்குக் கவலை குறைவு. 2014 வரை தயாரான வண்டி, ஹோஸ் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் ‘அம்பாசடர் ஹோஸ்’ என்று மட்டும் கேட்டால் போதாது. பழைய பி.எம்.சி. பெட்ரோலா, டீசலா, 1990களில் வந்த இசுசு எஞ்சினா என்று சொல்ல வேண்டும். பலமுறை எஞ்சின் மாற்றிய வண்டியென்றால் ஆர்.சி. புத்தகத்தை நம்பாமல் எஞ்சினைப் பார்த்துச் சொல்வது நல்லது. பத்மினிக்கு மும்பை டாக்சிகள்தான் தாங்குதூணாக இருந்தன. கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு அங்கே ஓய்வுபெற்றுவிட்டது. இனி உதிரிபாகம் செய்பவர்களுக்கு ஆர்வம் குறையும். ஹெரால்டு முற்றிலும் அநாதை. அதைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980களின் இறுதியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஓசூர் மாதிரியான தொழில் நகரத்தில் இந்த அநாதைக்கு வழி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வழி இருக்கிறது, வழி தவறவும் வாய்ப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளுக்குப் பொருள் கொடுக்கும் கடைகளில் ஏறினால் காற்றுக்கு, எண்ணெய்க்கு, ஹைட்ராலிக்குக்கு, நீராவிக்கு, ரோஜாத் தோட்டத்துச் சொட்டுநீருக்கு என்று சுவர் முழுக்க ஹோஸ் சுருள்கள். தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும் பெயர் ‘ஹோஸ் பைப்’தான். உள்விட்டம் பொருந்துகிறது, தடிமனாகவும் இருக்கிறது என்று ஒரு முழம் வெட்டி வாங்கிவிடத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். எண்ணெய்க்கான ஹோஸின் உள்பூச்சு பொதுவாக நைட்ரைல் ரப்பர். எண்ணெயை அது அசையாமல் தாங்கும். ஆனால் நூறு டிகிரியைச் சுற்றியே நாள் முழுக்கக் கொதிக்கும் கூலன்டில் சீக்கிரம் இறுகி வெடிக்கும். கம்பி பின்னிய ஹைட்ராலிக் ஹோஸோ வளையவே வளையாது. பழைய காரின் எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும், ரேடியேட்டர் சேசிஸில் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஹோஸ் அந்த ஆட்டத்தை விழுங்க வேண்டும். அது விழுங்காவிட்டால் ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்தில் ஈயப்பற்று விட்டுப்போகும். ஹோஸில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு ரேடியேட்டர் பட்டறையில் கொடுக்க நேரும்.

தண்ணீருக்கும் கூலன்டுக்கும் ஏற்ற ரப்பர் இபிடிஎம். 1960களில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் இயற்கை ரப்பர், எஸ்பிஆர், பிறகு 1931இல் டூபாண்ட் அறிவித்த நியோப்ரீன் ஆகியவைதான். அதாவது ஹெரால்டுக்கு வண்டலூரில் மாட்டிய முதல் ஹோஸ் அனேகமாக இபிடிஎம்மாக இருந்திருக்காது. ‘ஒரிஜினல்தான் வேண்டும்’ என்று அடம்பிடிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரு பொருளில் ஒரிஜினலைவிட இன்றைய சாதாரண ஹோஸ் மேல். தோற்றம்தான் முக்கியம் என்றால், பழைய ஹோஸ்களைத் துணிப்பட்டை சுற்றி வேகவைத்ததால் மேலே நெசவுத் தடம் பதிந்திருக்கும். அப்படித் துணித்தடம் பதிந்த இபிடிஎம் ஹோஸ் இன்றும் வருகிறது. அதைத் தேடலாம்.

இபிடிஎம்மிலும் இரண்டு ரகம். கந்தகத்தில் வேகவைத்தது சுமார் 125 டிகிரி வரை தாங்கும். பெராக்சைடில் வேகவைத்தது 150 வரை போகும். நம் கார்களுக்கு முதல் ரகமே போதும், இரண்டாவது கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இபிடிஎம்மின் எதிரி எண்ணெய். எண்ணெய் பட்டால் ஊதிப்போய் ஜவ்வாகிவிடும். பழைய எஞ்சின்கள் எண்ணெய் கசியாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கசிவு பெரும்பாலும் கீழ் ஹோஸின் மேல்தான் சொட்டும். கசிவை நிறுத்துவது உத்தமம். முடியாதென்றால் வெளியுறை நியோப்ரீனாக உள்ள ஹோஸாகப் பார்த்து மாட்டலாம். நியோப்ரீன் எண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சிவப்பிலும் நீலத்திலும் மின்னும் சிலிக்கோன் ஹோஸ் பற்றி ஒரு வார்த்தை. 175 டிகிரிக்கு மேலும் தாங்கும், வெயிலில் வெடிக்காது, பல வருடம் உழைக்கும். எல்லாம் உண்மை. ஆனால் நம் காரில் 175 டிகிரி வந்தால் ஹோஸ் பிழைத்து என்ன பயன், ஹெட் வளைந்திருக்கும். சிலிக்கோன் வழியாக நீராவி மெல்லக் கசிந்து வெளியேறும், எங்கும் ஒழுகாமலேயே தண்ணீர் குறையும். எண்ணெய்க்கும் பயம். ரப்பர் மிருதுவானதால், துளையிட்ட சாதாரண ஸ்குரூ கிளிப்பை முடுக்கினால் பட்டையின் துளைகளில் பிதுங்கி அறுபடும், உள்பட்டை வழவழப்பான கிளிப் தனியாக வாங்க வேண்டும். ரேஸ் ஓட்டுபவருக்கு அது. ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வரை போய்வருகிறவருக்கு வீண் செலவு என்பது என் தீர்ப்பு.

இனி மெக்கானிக் சொன்ன தண்ணீருக்கு வருகிறேன்.

கழுத்தை ஒட்டி உள்ளே விழுந்த கோடுகளுக்கு மின்வேதிச் சிதைவு என்று பெயர். ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், ஈயப்பற்று வேறு. எஞ்சின் வார்ப்பிரும்பு. தெர்மோஸ்டாட் மூடி பல கார்களில் அலுமினியம். இத்தனை உலோகங்களுக்கு நடுவே உப்புக் கரைந்த தண்ணீர் ஓடினால் அது ஒரு பலவீனமான பேட்டரி. ஹோஸின் ரப்பரில் கரித்தூள் கலந்திருப்பதால் அதுவும் கொஞ்சம் மின்சாரம் கடத்தும். உலோகமும் ரப்பரும் சந்திக்கும் கழுத்தருகே ரப்பரில் நுண்வெடிப்புகள் தொடங்கும். தண்ணீர் அவற்றுக்குள் இறங்கி உள்ளேயிருக்கும் நூல்பின்னலை அடையும். அதை நனைத்து வலுவிழக்கச் செய்யும். பின்னல் போனபின் மீதி ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வெளியே ஒன்றும் தெரியாது. அதிகச் சூடு படுவதால் மேல் ஹோஸ்தான் பெரும்பாலும் முதலில் போகும். அமெரிக்காவின் கேட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதை ஆராய்ந்த பிறகுதான், ஹோஸ்கள் வெளியிலிருந்து உள்ளே அல்ல, உள்ளிருந்து வெளியே கெடுகின்றன என்பது பரவலாகத் தெரியவந்தது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புளோரைடு கலந்த அந்தத் தண்ணீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் ஜப்பானியக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஹோஸுக்குப் புளோரைடு தனிப்பட்ட எதிரி அல்ல. மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும்தான் கேடு. ரேடியேட்டர் குழாய்களில் படிவம் கட்டும், சூடு ஏறும், ஏறிய சூட்டில் ரப்பர் இன்னும் வேகமாகக் கெடும். பெட்ரோல் பங்க் குழாயிலும் தோட்டத்துத் தொட்டியிலும் பிடித்து ஊற்றிய போர்வெல் தண்ணீர்தான் என் நான்கு வருடத்து ஹோஸைத் தின்றது. அதை மாட்டித்தந்த கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாற்றுவழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எக்சைடு பேட்டரித் தொழிற்சாலை உள்ள ஊர் இது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மூலைக்கு மூலை கிடைக்கும். அதோடு சரிபாதி எத்திலீன் கிளைகால் கூலன்ட். கூலன்டிலும் எச்சரிக்கை வேண்டும். புதுக் கார்களுக்கான ஆர்கானிக் அமில வகை, ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிலிகேட் கலந்த பழைய பச்சை ரகமே பழைய காருக்குச் சரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் துருத்தடுப்பு மருந்து தீர்ந்த கூலன்ட் உப்புத் தண்ணீருக்குச் சமம்தான்.

ரேடியேட்டர் மூடியும் ஹோஸின் ஆயுளில் பங்காளி. ஓசூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி போட்டால் அது ஏறக்குறைய 109 ஆகிறது. அப்படியானால் 15 பவுண்டு மூடி இன்னும் நல்லதுதானே என்று ஒரு நண்பர் மாற்றிப் போட்டார். ஒன்றரை அங்குலக் கழுத்திலிருந்து ஹோஸைப் பிடுங்கும் விசை 7 பவுண்டில் ஐந்தரை கிலோ, 15 பவுண்டில் பன்னிரண்டு கிலோ. அறுபது வயது பித்தளைத் தொட்டிக்கு அதே விகிதத்தில் வேதனை. கொதிக்கிற காருக்கு மருத்துவம் ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும் மின்விசிறி பெல்ட்டைப் பார்ப்பதும்தான். கம்பெனி சொன்ன மூடியை மாற்றக் கூடாது.

இனி அளவு. பிரிட்டிஷ் பரம்பரைக் கார்களின் கழுத்து அங்குலத்தில் இருக்கும், கடையில் ஹோஸ் மில்லிமீட்டரில் கிடைக்கும். பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒன்றேகால் அங்குலம், அதாவது பத்து நூல், 31.75 மி.மீ. அதற்கு 32 மி.மீ. ஹோஸ் சரியாகப் போகும். ஒன்றரை அங்குலம் 38.1, அதற்கு 38. ஒரு மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளலாம். பெரிதாக இருந்து கிளிப்பால் இறுக்கிச் சமாளிப்பது மட்டும் கூடாது, சுருக்கம் விழுந்து அதன் வழியே கசியும். இரு முனைகளும் ஒரே அளவு என்று நினைத்துவிடாமல் இரண்டையும் வெர்னியரில் பாருங்கள். பழைய ஹோஸை அளந்து பயனில்லை, அது விரிந்துபோயிருக்கும். உலோகக் கழுத்தை அளக்க வேண்டும்.

வளைவுதான் பெரிய தலைவலி. நேர் ஹோஸை வளைத்து மாட்டினால் நடுவே மடிந்து வழி அடைபடும். கம்பிச் சுருள் உள்ளே வைத்த, மண்புழுபோல் வரிவரியான வளையும் ஹோஸ் எதற்கும் பொருந்தும் என்பார்கள். வழியில் நின்றுபோனால் வீடு வந்துசேர அது போதும். நிரந்தரமாக மாட்டினால் அந்த வரிகள் நீரோட்டத்தைத் தடுக்கும், விறைப்பு கழுத்தைப் பிடித்து இழுக்கும். நான் கண்ட நல்ல வழி வேறு. கனமான ஜி.ஐ. கம்பி ஒன்றை எடுத்து, பழைய ஹோஸின் நடுக்கோட்டில் ஓடுவதுபோல் வளைத்துக்கொள்ளுங்கள். முனைக்கு முனை சரிபார்த்து, அந்தக் கம்பியோடு உதிரிபாகக் கடைக்குப் போங்கள். டிராக்டர், ஜீப், டெம்போ, வேன் என்று தொங்கும் வளைவு ஹோஸ்களில் உங்கள் வளைவு ஏதாவது ஒன்றின் நடுவில் ஒளிந்திருக்கும். இரு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெரால்டுக்கு எனக்குக் கிடைத்தது அப்படித்தான், மூன்றாவது கடையில், முக்கால் மணிநேரத் தேடலில். கடைப்பையன் கம்பியைப் பார்த்து, “என்ன சார், கிணத்துல வாளி எடுக்கப் போறீங்களா?” என்றான்.

ஓசூரில் கிடைக்கவில்லையென்றால் ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் தாண்டிப் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போகலாம். அல்லது சென்னைக்குப் போய் ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் அலசலாம். அங்கே சில சமயம் நாற்பது வருடத்துப் பழைய ஸ்டாக், கம்பெனி முத்திரையோடு, காகிதப் பெட்டியில் கிடைக்கும். பார்த்ததும் கை நடுங்கும். வாங்குங்கள், அலமாரியில் வையுங்கள், மாட்டாதீர்கள். ரப்பர் பயன்படுத்தாமலே வயதாகும் பொருள். சேமிப்புக்கான ஐஎஸ்ஓ 2230 தரம் இயற்கை ரப்பருக்கு 5 வருடமும் நியோப்ரீனுக்கு 7 வருடமும் இபிடிஎம்முக்கு 10 வருடமும் தருகிறது. சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் நீட்டிக்கலாம், அவ்வளவே. ஹோஸின் மேல் தயாரிப்பு மாதம் வருடமும் எஸ்ஏஇ 20ஆர்4 போன்ற தர எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே அச்சிடாத ஹோஸ், ஊர் பேர் சொல்லாத மாப்பிள்ளை மாதிரி.

கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி வேண்டுமா என்பது முடியாத சண்டை. வாட்டர் பம்ப் உறிஞ்சுவதால் வேகத்தில் அந்த ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், அதைத் தடுக்கவே கம்பி என்பது ஒரு கட்சி. தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலன்ட் நிரப்பும்போது மட்டும் அது தேவைப்பட்டது என்பது இன்னொரு கட்சி. பட்டிமன்றம் வேண்டாம். எஞ்சின் சூடானபின் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் கம்பி வேண்டும். துருப்பிடித்த பழைய கம்பியைத் திரும்பப் போடாமல் ஸ்டெயின்லெஸ் கம்பியில் சுருள் செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் சுற்றித் தர இந்த ஊரில் ஆளா இல்லை?

மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். பழைய ஹோஸைத் திருகிப் பிடுங்கினால் பித்தளைக் கழுத்து கோணிவிடும், பிளேடால் நீளவாக்கில் அறுத்து உரியுங்கள். கழுத்தின் துருவையும் பழைய ரப்பரையும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல், அதன் மேல் பசையைக் கொட்டி மறைப்பது பட்டறைகளின் கெட்ட பழக்கம். ஹோஸ் கழுத்தின் மேட்டைத் தாண்டி ஏற வேண்டும், கிளிப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். ஸ்குரூ கிளிப்பை லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் 1921இல் கண்டுபிடித்தார். நூறு வருடமாக அதை அளவுக்கு மீறி முடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஒருமுறை சூடாகி ஆறியபின் அரைச் சுற்று முடுக்கினால் போதும். பிறகு வருடத்துக்கு இருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஹோஸின் நடுவையும் கழுத்தருகையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. கழுத்தருகே மட்டும் தொளதொளப்பாகவோ நொறுநொறுப்பாகவோ பட்டால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அந்த ஹோஸின் காலம் முடிந்தது.

கடைசியாக, புதிதாகவே செய்துகொள்வது. வளைவு ஹோஸ் செய்யும் முறை எளிது. வேகாத ரப்பர்க் குழாயை, வேண்டிய வளைவில் செய்த இரும்பு அச்சின் மேல் ஏற்றி, நீராவிக் கலத்தில் வேகவைத்து உருவுவார்கள். அச்சுச் செலவுதான் பிரதானம். ஒரு ஹோஸுக்காக யாரும் அச்சு செய்ய மாட்டார்கள், இருபது முப்பது என்றால் சிறுதொழிற்கூடத்தில் பேசிப்பார்க்க முகாந்திரம் உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வயது கடந்த கார்களை விண்டேஜ் வண்டியாகத் தனி எண் வரிசையில் பதிவு செய்யலாம். ஹெரால்டுகள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஓசூர் டிஎன் 70இலும் கிருஷ்ணகிரி டிஎன் 24இலும் பெங்களூர் எண்களிலும் சிதறிக் கிடக்கும் ஹெரால்டுக்காரர்கள் சேர்ந்தால் ஓர் அச்சுக்கு ஆள் தேறும். அந்த அச்சை வளைக்க வரைபடம் எதுவும் யாரிடமும் கிடையாது, மாதிரி மட்டுமே உண்டு. ஆகையால் வண்டியிலிருந்து கழற்றும் பழைய வளைவு ஹோஸை, கிழிந்திருந்தாலும், குப்பையில் போடாமல் கழுவி உலர்த்தி எடுத்து வையுங்கள்.